மடக்கெழுத்தாணி: கணக்குப்பிள்ளையின் பேனாக்கத்தி

முன்னுரை

அலுவலகத்தில் கடித உறையைப் பிரிக்கவும், மதியம் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கவும் ஒரே கத்தி போதுமா? சட்டைப் பையிலிருந்து எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் பயப்படாமல், பார்க்கவும் கௌரவமாக இருக்க வேண்டும். இப்படி ஒரு மடக்குக் கத்தியைத் தேடுபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தி. அடுத்தது பிரான்சின் ஒப்பினேல் போன்ற மரப்பிடிக் கத்தி. ஆனால் அலுவலகத்துக்கென்றே செய்த ஒரு மடக்குக் கத்தி தமிழ்நாட்டிலும் இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. இன்று பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது என்பதுதான் வருத்தமான செய்தி.

எழுதுகிறவனுக்குக் கத்தி எதற்கு?

'பேனாக்கத்தி' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவித்தான் பேனா செய்தார்கள். எழுத எழுத முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். அதற்காக எழுத்தர்கள் சிறு கத்தி ஒன்றைக் கூடவே வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் தொழிற்சாலைகளில் எஃகு நிப்புகள் மலிவாக வந்தபின் இறகு போய்விட்டது. கத்தியும் பெயரும் மட்டும் தங்கிவிட்டன.

தமிழ்நாட்டில் இது தலைகீழ். இங்கே கத்தி சீவியது எழுதுகோலை அல்ல, எழுதும் ஓலையை. பனையோலையை ஈர்க்கு நீக்கி, பதப்படுத்தி, காயவைத்து, ஓரங்களை ஒரே அளவாகச் சீவ வேண்டும். இதற்கு 'ஓலை வாருதல்' என்று பெயர். ஓரம் நேராக இல்லாவிட்டால் சுவடியாக அடுக்கிக் கட்ட முடியாது. ஆகவே இங்கேயும் எழுதுகிறவன் கையில் கத்தி இருந்தே ஆக வேண்டும்.

மூன்று வகை எழுத்தாணிகள்

எழுத்தாணிகளை மூன்று வகையாகச் சொல்வார்கள்.

முதலாவது குண்டெழுத்தாணி. நீளம் குறைவு, கொண்டை கனம், கூர்மையும் அதிகம் இல்லை. எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு ஏற்றது.

இரண்டாவது வாரெழுத்தாணி. இது நீளமானது. ஒரு முனையில் எழுதும் கூர், மறுமுனையில் கொண்டைக்குப் பதிலாக ஒரு சிறு கத்தி. ஓலையை வாருவதால் இந்தப் பெயர்.

மூன்றாவதுதான் மடக்கெழுத்தாணி. வாரெழுத்தாணியின் கூரையும் கத்தியையும் மடக்கி ஒரே கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். கைப்பிடி மரத்திலும் கொம்பிலும் தந்தத்திலும் செய்யப்பட்டது. இன்றைய பேனாக்கத்தியின் அமைப்பேதான். வேட்டிக்கு ஏது பை? கூரான இரும்பை மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் தொடையைப் பதம் பார்த்துவிடும். மடக்கி வைக்க முடிந்தால் அந்தப் பயம் இல்லை.

எழுதும் முறையும் தனி. ஓலையை இடக்கையில் பிடித்து, இடது பெருவிரல் நகத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணியைத் தாங்கவைப்பார்கள். வலக்கை அழுத்தும். எழுதி முடித்ததும் கரியும் இலைச்சாறும் தடவினால் எழுத்து கருப்பாகத் தெரியும். கீறிய எழுத்தை அழிக்க முடியாது. தவறினால் வேறு ஓலைதான்.

விரிஞ்சிபுரத்துக் கல்லும் ஓலையும்

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில், பாலாற்றங்கரையில் உள்ளது விரிஞ்சிபுரம். மதிலழகுக்குப் பெயர்போன மார்க்கபந்தீசுவரர் கோயில் இங்குதான் இருக்கிறது. இந்தக் கோயிலில் விஜயநகர மன்னர் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425-26. படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த கன்னட, தமிழ், தெலுங்கு, இலாடப் பிராமணர்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இனிப் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுத்தாலும், பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் அரச தண்டனை உண்டு, சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன.

இத்தகைய ஆவணங்களை முதலில் ஓலையில் எழுதி, பிறகு கல்லில் வெட்டுவதே அந்நாளைய வழக்கம். கல் இன்றும் நிற்கிறது. அதற்கு முன்னால் வேலை செய்த சிறு இரும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கணக்குப்பிள்ளையின் அதிகாரம்

ஊர் நிலம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் ஒருவர் கையில் இருந்தது. அவர்தான் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம். இதற்கு நல்ல சான்று அருகிலுள்ள செங்கல்பட்டுப் பகுதியில் கிடைக்கிறது. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இந்த ஊர்களைப் பற்றிய ஓலைக் கணக்குகள் பல இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, கொல்லனுக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு என்றெல்லாம் பங்குகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இரும்பு வேலை பார்க்கும் கொல்லனும் எழுத்தாணி பிடிக்கும் கணக்குப்பிள்ளையும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். வேறுபாடு என்னவென்றால், பட்டியலை எழுதியது எழுத்தாணி பிடித்தவர்.

எழுத்தாணியின் கௌரவம் தந்தப் பிடியால் மட்டும் வரவில்லை. அதை வைத்திருப்பவர் ஒரு கோடு கீறினால் ஒரு குடும்பத்தின் நிலம் மாறலாம். அரிவாள் வைத்திருப்பவரைவிட இந்த விரல் நீளக் கத்திக்காரரிடம் உழவர்கள் அதிகம் பணிந்து போனதற்குக் காரணம் இதுதான்.

1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியார் ஆட்சிக்கு வந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் 1911 வரை சித்தூரிலேயே இருந்தது. காகிதமும் மையும் மெல்ல மெல்ல ஓலையின் இடத்தைப் பிடித்தன. ஓலை போனதும் வாரும் கத்திக்கு வேலையில்லை. கர்ணம் பதவி மட்டும் நெடுநாள் நீடித்து, 1980இல் தமிழக அரசால் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மடக்கெழுத்தாணி பரணுக்குப் போய்விட்டது.

உணவுக்கு ஏன் வரவில்லை?

அலுவலகக் கத்தியே உணவுக்கும் ஆகுமா என்ற கேள்விக்கு நம் முன்னோர் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. காய்கறிக்கு அரிவாள்மணை, வெற்றிலைப் பெட்டியில் பாக்குவெட்டி, ஓலைக்கு எழுத்தாணி என்று வேலைக்கு ஒரு கருவி இருந்தது. எழுத்தாணி சரஸ்வதி பூசையில் சுவடிமேல் வைக்கப்படும் பொருள். அதை எச்சிலோடு சேர்க்க மனம் வருமா?

இதில் ஓர் அறிவியல் காரணமும் உண்டு. சாதாரண எஃகில் எலுமிச்சையோ மாங்காயோ பட்டால் அமிலம் இரும்போடு சேர்ந்து கறுக்கும். பழத்திலும் இரும்பு வாடை ஏறும். இதனால்தான் ஐரோப்பியச் செல்வந்தர்கள் பழம் நறுக்க வெள்ளி அலகு வைத்த கத்திகளைச் செய்துகொண்டார்கள். 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிய பிறகே ஒரே அலகு இரண்டு வேலைக்கும் வரும் நிலை ஏற்பட்டது. அதற்கு முன்பே சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் பெரிய அலகோடு சிறிய அலகு ஒன்றும் இருந்தது. ஒன்றை உணவுக்கும் மற்றதைக் காகிதத்துக்கும் ஒதுக்க நினைப்பவர்களுக்கு இது இன்றும் நல்ல ஏற்பாடு.

தேர்ந்தெடுப்பவர்களுக்கு

• ஒட்டுநாடாப் பசையும் அட்டைத் தூசியும் படும் அலகு பழத்துக்கு ஆகாது. இரண்டு அலகு நல்லது. ஒன்றுதான் என்றால் கழுவித் துடைத்த பிறகே உணவுக்கு.

• பழத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது. பழைய வகை எஃகு எளிதில் தீட்டக்கூடியது. ஆனால் ஈரத்தோடு மடக்கினால் துருப்பிடிக்கும்.

• தோல் உறை அழகுதான். ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். மழைக்காலத்தில் கத்தியை உறையிலேயே மாதக்கணக்கில் விடக் கூடாது.

• 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீடு, விவசாயம் போன்ற உபயோகத்துக்கானவை நீங்கலாக, இந்திய ஆயுதச் சட்டத்தின் விதிகளுக்குள் வரும். பையில் வைக்கும் கத்தி அதில் பாதிகூட இருக்காது. ஆனால் விமானத்தில் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது.

தோல் உறை என்றதும் பாலாறு நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. கத்தியைத் துருவிலிருந்து காக்கும் அதே குரோமியம், உப்பு வடிவில் தோல் கழிவோடு ஆற்றில் கலந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வரலாற்றுப் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. பளபளக்கும் பொருளை வாங்கும்போது இந்த விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

கணக்குப்பிள்ளையின் மடக்குக் கத்தி யாரையும் மிரட்டச் செய்ததல்ல, வேலைக்குச் செய்தது. அதுவே அதன் அழகு. பழைய வீடுகளின் பரணிலோ மரப்பெட்டியிலோ, கொம்புப் பிடிக்குள் ஒரு கூரும் ஒரு குட்டி அலகும் மடங்கிய துருப்பிடித்த இரும்பு கிடைத்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஓர் ஊரின் கணக்கு முழுவதும் அதன் முனையில் எழுதப்பட்டிருக்கலாம்.