வாசல் பாஷையும் உள் பாஷையும்

ஹோட்டலில் போய் உட்கார்ந்து, "ஒரு நெய் ரோஸ்ட்" என்கிறோம். மூன்றே வார்த்தை. இலையில் தோசை வந்து விழுகிறது. அடுப்புக்கு முன்னால் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் பாஷையின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த மனிதரின் ஞாபகம்தான் வந்தது.

1994-ஆம் ஆண்டு ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவருக்கு, இணையத்தில் தாம் வைத்திருந்த சுயவிவரப் பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய ஆசை உண்டாயிற்று. நியாயமான ஆசைதானே! அதற்காக 'ஸி' என்ற பாஷையில் சில சிறு புரோகிராம்கள் எழுதினார். 1995 ஜூனில் அவற்றை எல்லோருக்கும் பொதுவாக்கினார். ஸி கடினமானது, ஆனால் எழுதியதை முன்கூட்டியே இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றிவிடுவதால் வேகம் மிகுந்தது. கடினமான வேலையை ஸியில் எழுதி உள்ளே வைத்துவிட்டு, பக்கம் எழுதுகிறவருக்கு எளிய சொற்களை மட்டும் வெளியே காட்டுவது என்ற ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது.

ஹைபா நகரத்து டெக்னியானில் படித்துக்கொண்டிருந்த ஆண்டி கட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்ற இருவர் 1997-ல் இதைப் புதிதாக எழுத முற்பட்டார்கள். 1998 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பின் பெருமையே, அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் ஓர் அறை கட்டிச் சேர்க்கலாம் என்பதுதான். அந்த அறைக்கு 'எக்ஸ்டென்ஷன்' என்று பெயர். எங்கெங்கோ இருந்தவர்கள் ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்தார்கள்.

எழுதுவது லேசா? வாசல் பாஷையில் பிழை செய்தால் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். உள் பாஷையிலோ, வாங்கிய நினைவகத்துக்குக் கடன் கணக்குப்போல் கணக்கு வைக்க வேண்டும். திருப்ப மறந்தால் சிறுகச் சிறுக இடம் அடைபடும். ஒரே கடனை இரண்டு தடவை திருப்பினாலோ, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமே முகங்குப்புற விழுந்துவிடும்!

இருந்தும் வேகத்தின் மேல் மோகம் யாரை விட்டது? இணையதளம் கட்ட உதவும் சாரம் முழுவதையுமே ஸி எக்ஸ்டென்ஷனாக ஆக்கி, 2012-ல் 'ஃபால்கன்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஸியின் கஷ்டத்தைக் குறைக்க 'ஸெஃபிர்' என்று ஒரு நடுத்தர பாஷையும் அவர்களே படைத்தார்கள்.

2015 டிசம்பரில் ஏழாம் பதிப்பு வந்தது. டிமித்ரி ஸ்டோகாவ் முதலியோர் வீட்டின் உள்ளமைப்பையே மாற்றியிருந்தார்கள். முன்பு 24 பைட் பிடித்த மதிப்புப் பெட்டி 16 பைட்டில் அடங்கிற்று. முந்திய பதிப்பைப்போல் இரண்டு மடங்கு வரை வேகம். பக்கம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதிகம் சிரமப்படாமலே பலனை அனுபவித்தார்கள். ஆனால் எக்ஸ்டென்ஷன் எழுதியவர்கள்? கடன் கணக்கு வைக்கும் முறையே மாறிவிட்டதால் ஒவ்வொருவரும் மறுபடி பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. திருத்த ஆளிருந்த அறைகள் பிழைத்தன. ஆளில்லாதவை பூட்டியபடியே கிடந்தன.

ஃபால்கன்காரர்களும், உள் பாஷை தெரிந்து கை கொடுப்பவர்கள் குறைவாயிருப்பதைக் கண்டு, ஆறாம் பதிப்பை பி.எச்.பி.யிலேயே எழுதுவது என்று தீர்மானித்தார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகமாக ஓடும் வண்டியைவிட, பழுது பார்க்க நாலு பேருக்குத் தெரிந்த வண்டிதான் நெடுந்தூரம் போகும்.

அடுத்த முறை தோசை முறுகலாக வந்தால், சமையலறைக் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உள்ளே ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்க யாராவது பழகிக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.