காந்தப் புயலில் எலக்ட்ரான் பட்டைகள்

1958 ஜனவரி இறுதியில் அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோளில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் பொருத்தியிருந்த கைகர் எண்ணி, அதாவது மின்னூட்டத் துகள் புகும்போதெல்லாம் ஒரு துடிப்பை எழுப்பும் கருவி, குறைந்த உயரங்களில் எதிர்பார்த்த அளவையும் மிகுந்த உயரங்களில் சுழியையும் காட்டியது. துகள்கள் எண்ணத் தீராத அளவுக்குக் குவிந்ததாலேயே கருவி திணறி ஓய்ந்தது என்பதை, மார்ச்சில் சென்ற எக்ஸ்புளோரர்-3 நாடாவில் பதிந்து அனுப்பிய தரவும் வான் ஆலன் குழுவைச் சேர்ந்த கார்ல் மெக்கில்வெய்ன் எக்ஸ் கதிர்களால் செய்த சோதனையும் தெளிவாக்கின. புவியின் காந்தப்புலத்தில் சிறைப்பட்ட துகள்களின் கதிர்வீச்சுப் பட்டைகள் இவ்வாறு அறியவந்தன. அவற்றின் வெளிப்பட்டையில் ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் நிறைந்துள்ளன.

சூரியனிலிருந்து வரும் மின்மக் காற்று புவியின் காந்தப்புலத்தைக் கலக்கும் காந்தப் புயல்களின்போது இப்பட்டை பெருகுவதும் வற்றுவதும் அடுத்தடுத்த செயற்கைக்கோள்களில் பதிவாயின. 1991 மார்ச் 24 அன்று அந்தக் காற்றில் வந்த ஓர் அதிர்வலை, புவியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தக்கோளத்தைத் தாக்கியபோது, உள், வெளி என்னும் இரு பட்டைகளுக்கும் இடையே வெறுமையாகக் கிடந்த பகுதியில் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேற்பட்ட ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் சில நிமிடங்களில் புதிய பட்டையாகத் திரண்டதை கிரெஸ் செயற்கைக்கோள் கண்டது. அவ்வளவு குறுகிய நேரத்தில் அத்தகைய ஆற்றல் கூடக்கூடும் என்பதற்கு அதுவரை சான்றே இல்லை எனலாம்.

ஆயினும் புயல் வலுத்தால் எலக்ட்ரான்களும் பெருகும் என்ற எளிய எண்ணம் நிலைக்கவில்லை. 1989 முதல் 2000 வரை நிகழ்ந்த 276 புயல்களை ஆராய்ந்த ஜெஃப்ரி ரீவ்ஸ் குழுவினர், ஏறத்தாழ பாதிப் புயல்களில் எலக்ட்ரான்கள் பெருகின என்றும், ஐந்தில் ஒரு பங்கில் குறைந்தன என்றும், எஞ்சியவற்றில் பெரிய மாற்றம் இல்லை என்றும் 2003இல் காட்டினர். ஒரே புயலிலேயே சில எலக்ட்ரான்கள் காந்தக்கோளத்தின் விளிம்பைக் கடந்து தப்புகின்றன, சில வளிமண்டலத்தில் விழுந்து அழிகின்றன, வேறு சில முடுக்கம் பெறுகின்றன என்பதால், எஞ்சுவது இவற்றுள் எது விஞ்சுகிறது என்பதைப் பொறுத்ததாகிறது.

முடுக்கம் எங்கே நிகழ்கிறது என்பது அடுத்த வினா. 2012 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்ட இரட்டை வான் ஆலன் ஆய்வுக்கலங்கள், செப்டம்பரில் நான்கு வாரங்களே நீடித்த மூன்றாவது பட்டையைக் கண்டதுடன், அக்டோபர் புயலில் எலக்ட்ரான் செறிவு பட்டையின் நடுவிலேயே உச்சம் பெற்றதையும் அளந்தன. வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படுவதால் மட்டும் அவை ஆற்றல் பெறுவதில்லை, பட்டைக்குள் உள்ள மின்காந்த அலைகளும் அவற்றை முடுக்குகின்றன என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

இந்த எலக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் உறையை ஊடுருவி உட்பாகங்களில் மின்னூட்டத்தைச் சேர்க்கின்றன. 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் செயற்கைக்கோள்கள் இரண்டு நிலைகுலைந்ததற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே செயற்கைக்கோளைக் காப்பவர்களுக்குப் புயலின் வலிமையை மட்டும் கூறும் முன்னறிவிப்பு போதாது. எலக்ட்ரான்களை நேரடியாக அளக்கும் கருவிகள் சுற்றுப்பாதையில் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.