தூரத்துக் கதைகளும் எங்கள் கரையும்: ஒரு மாணவியின் நாவல் வாசிப்பு

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் குறிப்பிடும் நூல்கள் மூன்று. 1885 இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்', 1891 இல் வெளிவந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை', 1895 இல் வெளிவந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' என்பனவே அவை. முதலாவதை எழுதியவர் ஒரு முஸ்லிம். மற்றைய இரண்டையும் எழுதியவர்கள் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். திருகோணமலை மாவட்டத்து முஸ்லிம் மாணவியொருத்தி இந்த மூன்றையும் சொந்தம் கொண்டாடுவதில் தவறில்லை.

இறக்கக்கண்டி நிலாவெளிக்கு வடக்கே, குச்சவெளிக்குப் போகும் வழியில் உள்ளது. களப்பு ஒருபுறம், கடல் மறுபுறம். உயர்தரத்தில் வரலாற்றை ஒரு பாடமாகக் கற்கும் எனக்கு, இந்நாவல்களைப் பற்றி அறிந்துகொண்டதும் அவை எதைப் பற்றியவை என்று பார்க்கும் ஆவல் ஏற்பட்டது. கிடைத்தவற்றைக் கால ஒழுங்கில் வாசித்தேன், கிடைக்காதவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியவற்றைப் படித்தேன். பின்னர் அதே ஒழுங்கில் நமது காலத்தை நோக்கி நகர்ந்தேன். அந்த வாசிப்பில் எனக்குத் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எகிப்தில் தொடங்கிய கதை

'அசன்பே சரித்திரம்' தமிழின் இரண்டாவது நாவலாகக் கருதப்படுவது. மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது 1879 இல். ஆறு ஆண்டுகளுக்குள் இலங்கையிலிருந்து இந்நூல் வந்துவிட்டது. எகிப்தில் உயர்குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே திருடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவுக்குச் சென்று கல்வி பெற்று உயரும் ஒருவனின் கதை இது. கடல் கடந்து கடல் கடந்து கதை ஓடுகிறது. சூழ்ச்சிகளும் தப்புதல்களும் அடுத்தடுத்து வருவதால் பழைய நடை தடையாக இருக்கவில்லை.

என்னை ஈர்த்தது வேறொன்று. பெற்றோரையும் ஊரையும் இழந்த அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது வாளோ மந்திரமோ அல்ல, கல்வி. எழுதியவரின் வாழ்க்கையை அறிந்தால் இது ஏனென்று விளங்கும். கண்டியில் பிறந்து சட்டத்தரணியாக விளங்கிய சித்திலெவ்வை, 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலக் கல்வியைச் சந்தேகத்தோடு பார்த்த சமூகத்தோடு வாதாடினார். தமது சகோதரியின் துணையோடு கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை நடத்தினார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தபோது, எகிப்து இங்குள்ள முஸ்லிம்களின் பேச்சுக்குள் வந்துவிட்டது. அவரும் சித்திலெவ்வையும் ஏனையோரும் எடுத்த முயற்சியே 1892 இல் கொழும்பு மருதானையில் பாடசாலையாக உருவாகி, பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. நாவல் எகிப்தில் தொடங்குவது தற்செயலன்று.

திருகோணமலையின் இரண்டு நூல்கள்

'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பாவில் மத்திய காலத்திலிருந்து வழங்கிவந்த ஒரு கதையைத் தழுவியது. இரட்டைச் சகோதரரில் ஒருவன் கரடியிடம் வளர்கிறான், மற்றவன் அரசமாளிகையில் வளர்கிறான். இதை நாவல் என்பதா, நெடுங்கதை என்பதா என்ற விவாதம் ஆய்வாளரிடையே உண்டு. எனக்கு அந்த விவாதத்தை விட, கரடி வளர்த்த பிள்ளையின் கதையைத் திருகோணமலை வாசகர் எவ்வளவு இயல்பாக ஏற்றிருப்பார்கள் என்ற எண்ணமே எழுந்தது. நமது சமூகத்தில் கிஸ்ஸாக்களும் மசலாக்களும் படைப்போர்களும் ஒருவர் வாசிக்கப் பலர் இருந்து கேட்கும் வழக்கம் இருந்தது. அற்புதங்களைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு ஊசோன் அந்நியனாக இருந்திருக்க மாட்டான்.

'மோகனாங்கி' முற்றிலும் வேறானது. தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்று அறியப்படும் இந்நூல், பதினேழாம் நூற்றாண்டின் நாயக்கர் காலத்தை எடுத்துக்கொள்கிறது. சொக்கநாத நாயக்கரையும் மோகனாங்கியையும் சுற்றிய காதலும் அரசியலும் இதன் பொருள். திருகோணமலையில் பிறந்த ஆசிரியர் சென்னைக்குச் சென்று வாழ்ந்தவர், நூலும் அங்கேயே அச்சானது. 1892 இல் 'தத்தை விடு தூது' என்ற செய்யுள் நூலில் பெண்விடுதலையைப் பேசியவரும் இவரே. பிற்காலத்தில் 'மோகனாங்கி' சுருக்கப்பட்டு, 'சொக்கநாத நாயக்கர்' என்ற பெயரில் மாணவருக்கான பாடநூலாக்கப்பட்டது. பாடநூலானதும் தலைப்பிலிருந்து பெண் போய் அரசன் வந்துவிட்டான். வரலாற்று மாணவி என்ற வகையில் இந்த ஒரு மாற்றம் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. பாடநூல் வேறு, கதைநூல் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் இத்தனை தூரம்?

மூன்றையும் அருகருகே வைத்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. எகிப்து வருகிறது, பம்பாய் வருகிறது, ஐரோப்பிய அரசுகள் வருகின்றன, தஞ்சையும் திருச்சிராப்பள்ளியும் வருகின்றன. திருகோணமலை எந்தக் கதைக்கும் களமாகவில்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் அருகே வாழ்ந்தவர்கள் தமது கதைகளை வேறு கரைகளில் நடத்தினார்கள்.

நான் வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த என் மூத்தம்மா ஒருநாள் கேட்டார்: "இந்தப் பொத்தகத்துல நம்மட ஊரு வருதா மகள்?" இல்லை என்றேன். "அப்ப யாருட கதைய வாசிக்கிறாய்?" என்றார். அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது ஓரளவு இருக்கிறது.

அன்றைய எழுத்தாளருக்குக் கதை என்பது ஒரு வாகனம். சித்திலெவ்வை அதில் கல்வியை ஏற்றினார், இன்னாசித்தம்பி வியப்பை ஏற்றினார், சரவணமுத்துப்பிள்ளை சரித்திரத்தை ஏற்றினார். வாசகர் கண்டறியாத இடத்தில் கதை நடந்தால் வியப்பும் கூடும், எழுதுபவருக்குச் சுதந்திரமும் கூடும். உள்ளூரில் ஒரு பெண்ணின் காதலை எழுதினால் அது யாருடைய மகள் என்று கேட்பார்கள். தஞ்சைப் பக்கத்து அரசகுமாரியை எழுதினால் கேட்கமாட்டார்கள். அன்று வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அச்சும் சந்தையும் பெரிதும் சென்னையில். ஆகவே அந்தத் தூரத்தை ஒரு குறையென மட்டும் கொள்வது நியாயமன்று. கப்பல்கள் வந்துபோகும் கரையில் இருப்பவருக்கு வெளியுலகத்தைப் பார்க்கும் ஆசை இயல்பானது.

கரைக்கு வந்த கதை

கதை நமது கரைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மூதூரைச் சேர்ந்த வ.அ. இராசரத்தினம் கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்து எழுதினார். அவருடைய 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962 இல் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. அதன் தலைப்புக் கதையை வாசித்தபோது, ஒரு தோணி சொந்தமாக இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் இடையில் ஒரு வாழ்க்கையே தங்கியிருப்பதை எவரும் எனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. எங்களூரில் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். தெரிந்த ஒன்றை அச்சில் காண்பது எவ்வளவு பெரிய விடயம் என்பது அப்போதுதான் விளங்கியது.

அதன் பின்னர் தமிழகத்துத் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யை வாசித்தேன். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988 இல் நூலான இந்நாவல், தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களின் வாழ்வைச் சொல்வது. ஊரை ஆட்டிப்படைக்கும் முதலாளி, சுறாப்பீலி வியாபாரி, கடலை நம்பிய ஏழைகள் எல்லோரும் வருகிறார்கள். பேச்சுமொழி எங்களுடையதல்ல, மனிதர்கள் எங்களுடையவர்கள். அந்த ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வரும்போது எழும் எதிர்ப்பை வாசிக்கையில் சித்திலெவ்வை நினைவுக்கு வந்தார். 1885 இல் அவர் கல்வி பெற்று உயரும் வீரனை எகிப்துக்கும் கல்கத்தாவுக்கும் அனுப்பினார். நூறாண்டுகளின் பின் மீரான் அதே பிரச்சினையை ஊரின் நடுவிலேயே வைத்தார். முன்னவர் நாம் எப்படி ஆகவேண்டும் என்று காட்டினார், பின்னவர் நாம் எப்படி இருந்தோம் என்று காட்டினார். சமூகத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் தன் சமூகத்தின் குறையை அதன் சொந்த இதழிலேயே எழுதுவதற்கு இரண்டாவது வகைத் துணிவு தேவை.

எழுதப்படாத கரை

திருகோணமலையைப் பற்றி நான் கற்ற வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாறு. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியது, 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியர் குண்டு வீசியது என்று அது செல்லும். கோட்டையும் கப்பலும் உண்டு, கரைவலை இழுத்தவர் இல்லை. அவருக்கு ஆவணமும் இல்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தவை எத்தனையோ. எஞ்சியவற்றில் பலதை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது. வீட்டு உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் நனைந்து அழிந்தன. யுத்தம் 2009 இல் முடிந்தபோது, அதற்கு முந்திய காலத்தைச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துபோயிருந்தனர்.

இங்குதான் புனைகதை வரலாற்று மாணவருக்கு அவசியமாகிறது. ஆண்டையும் எண்ணிக்கையையும் நாவலிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் தோணியில்லாதவன் என்ன நினைத்தான், பள்ளிக்கூடம் வந்தபோது ஒரு தகப்பன் எதற்கு அஞ்சினான் என்பவற்றை எந்தக் கச்சேரிப் பதிவேடும் சொல்லாது. மீரானின் நாவல் இல்லாவிட்டால் தேங்காய்ப்பட்டணத்தின் அந்த அச்சம் இன்று எனக்கு எட்டியிருக்காது.

கிண்ணியாவும் மூதூரும் பல முஸ்லிம் படைப்பாளிகளைத் தந்துள்ளன. துறைமுகத்துக்கு வடக்கே நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை நீளும் கரையின் முஸ்லிம் கிராமங்களைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. இராசரத்தினம் 1993 இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது'. இக்கரையில் வெண்மணற் கிராமங்கள் பல உள்ளன.

எழுத விரும்பும் என்போன்ற மாணவரிடம் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வலையின் பாகங்களுக்கு வழங்கும் பெயர்கள், காற்றுகளின் பெயர்கள், கலியாண வீட்டில் பாடிய பாட்டுகள், இடம்பெயர்ந்த பாதைகள் ஆகியவற்றை வீட்டு மூத்தோரிடம் கேட்டு, ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதிவைத்தால் போதும். அது வரலாறாகவும் ஆகலாம், நாவலாகவும் ஆகலாம். சித்திலெவ்வையின் எகிப்தும் இன்னாசித்தம்பியின் கரடியும் சரவணமுத்துப்பிள்ளையின் அரசகுமாரியும் கதை சொல்லும் வழியைத் திறந்துவிட்டன. அவ்வழியால் ஊருக்குத் திரும்பி வருவது நமது தலைமுறையின் வேலை.