கோள்களின் ஆண்பாலும் பெண்பாலும்

சோதிட நூலார் மேடம் முதலாகிய பன்னிரண்டு இராசிகளுள் ஒற்றைப்பட்டன ஆறும் ஆண் என்றும், இரட்டைப்பட்டன ஆறும் பெண் என்றும் வகுப்பர். கோள்களுள் ஞாயிறு, செவ்வாய், வியாழன் என்னும் மூன்றும் ஆண். திங்களும் வெள்ளியும் பெண். புதனும் சனியும் நபுஞ்சகம் என்பர். கி. பி. 6-ஆம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகச்சாதகத்துள் இவ்விருவகைப் பாகுபாட்டினையும் தெளிவுறக் கூறியுள்ளார். இக்காலத்துச் சிலர் இவற்றைச் சிவசத்தி தத்துவத்தோடு இயைத்து உரைப்பாராயினர். அவ்வுரை கேட்டற்கு இனிதேயாயினும் பொருந்துவதன்று. ஞாயிறும் அதன் ஒளியும்போலச் சத்தி சிவத்தின் வேறாய் நில்லாது என்பது சைவ நூற்றுணிபு. ஆணிராசியும் பெண்ணிராசியுமோ முப்பது முப்பது பாகையாக எல்லை வரையப்பட்டு வேறு வேறாய்க் கிடப்பன. ஆதலின் இப்பாகுபாட்டின் வரலாற்றைப் பிறிதோரிடத்துத் தேடுதல் வேண்டும்.

முதற்கண் நோக்கற்பாலது கோள்களின் பாலே. வடமொழியிற் சந்திரன், சுக்கிரன் என்னும் இரண்டும் ஆண்பாற் சொற்கள். புராணத்துள்ளும் சந்திரன் தக்கன் மகளிர் இருபத்தெழுவர்க்குக் கணவன். சுக்கிரன் அசுரர்க்கு ஆசிரியன், தேவயானிக்குத் தந்தை. தமிழில் இச்சிக்கல் இல்லை. ஞாயிறு, திங்கள் என்பவற்றைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் அஃறிணை முடிபு கொள்வனவற்றோடு சேர்த்து ஓதிவிட்டார். மனைவியர் இருபத்தெழுவரையுடைய ஒருவனை வடநூற் சோதிடம் பெண்கோள் என்றற்குக் காரணம் யாது?

திங்கள் தண்ணிது, மெல்லிது. அதனாற் பெண் எனப்பட்டது எனின், திங்கட்கு அஃது ஒருவாறு பொருந்தினும் அசுரகுருவுக்குப் பொருந்துமாறில்லை. சுக்கிரன் காமத்துக்கும் மனைவிக்கும் காரகன் ஆதலிற் பெண்ணாயினன் எனின், நெடுந்தவமும் இறந்தாரை எழுப்பும் வித்தையும் உடைய அவ்வாசிரியன் காமகாரகனானது எவ்வாறு என்னும் வினா மீண்டும் எழும். விடை யவனர்பால் உளது. அவர்க்கு வெள்ளி அப்ரோதிதை என்னும் காதற் பெண்டெய்வத்தின் கோள். திங்கள் செலீனி என்னும் பெண்டெய்வம். கோளின் பெயர் மாறிற்று; பால் மாறாது வந்து சேர்ந்தது.

அற்றேல், இராசி வட்டத்தைப் பன்னிரு சமகூறாக வகுத்தோர் கி. மு. 5-ஆம் நூற்றாண்டளவிற் பாபிலோனியர் ஆதலின், இதுவும் அவரிடமிருந்தே நேரே வந்தது என்னாமோ எனின், என்னாம். என்னை? வெள்ளி அவர்க்கு இசுதார் என்னும் பெண்டெய்வமாயினும், திங்கள் சின் என்னும் ஆண்டெய்வம். இரண்டும் ஒருங்கே பெண்ணாதல் யவனர் வழக்கினோடே ஒத்து நிற்கின்றது.

சொற்சான்றும் இதனை வலியுறுத்தும். வராகமிகிரர் மேடத்தைக் கிரியம் என்றும், இடபத்தைத் தாவுரி என்றும், மிதுனத்தைச் சிதுமம் என்றும் வழங்குவர். இவை கிரியோஸ், தவுரோஸ், திதுமொய் என்னும் யவனச் சொற்களின் திரிபுகள். செவ்வாய்க்கு ஆரன் என்றதும் ஏரீஸ் என்னும் போர்த்தெய்வத்தின் பெயரே. வெள்ளிக்கு ஆஸ்புசித்து என்றது அப்ரோதிதையே. யவனர் மிலேச்சராயினும் இந்நூலில் வல்லராதலின் முனிவரைப்போற் போற்றப்படுவர் என்னும் கருத்தைப் பிருகத்சங்கிதையுள் எடுத்தாண்டவரும் அவரே. கடன் கொண்டதனை மறையாது உரைத்த அப்பெருந்தகைமை பிற்காலத்தார் பலரிடம் காண்டற்கரிது. இவ்வுறவுக்குப் பழஞ்சான்றாகிய யவனசாதகத்தை டேவிட் பிங்கிரீ 1978-இல் பதிப்பித்து, அதன் காலம் கி. பி. 269-270 எனத் துணிந்தார். பில் மாக் என்பார் நேபாள ஏடுகளை மீள ஆராய்ந்து 2013-இல் அத்துணிபை மறுத்தார். காலம் ஐயத்துக்கு இடனாயினும், யவனத் தொடர்பு அந்நூலின் பெயரிலேயே விளங்கும்.

இனி இராசிகளின் பால். ஒற்றை ஆண், இரட்டை பெண் என்னும் எண்ணம் பிதாகோரர் வழியினரது. அவர் கொண்ட எதிர்மறை இரட்டைகள் பத்தனுள் ஒற்றையும் இரட்டையும், ஆணும் பெண்ணும் அடங்கியிருந்தன என்று அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, பகலும் இரவும் மாறி மாறி வருமாறுபோல ஆணும் பெண்ணுமாக இராசிகள் அமைந்தன என்றார். இஃது எண்ணின் வரிசையே அன்றி உருவின் இயல்பன்று. இடபம் ஏறு, இரண்டாமிடத்து நின்றமையாற் பெண்ணாயிற்று! யவனர்க்கு மிதுனம் ஆடவர் இருவர். வராகமிகிரரோ கதை ஏந்திய ஆடவனும் வீணை ஏந்திய மகளுமாக அதனை வருணித்தார். உருவிற் பாதி பெண்ணாகிய பின்னரும் மூன்றாமிடம் ஆதலின் அஃது ஆணிராசியாகவே எண்ணப்பட்டது.

யாவும் படியெடுத்தன என்று கொள்ளற்க. தாலமி சனியை ஆண் என்றார். புதனை ஆண் பெண் இரண்டற்கும் பொது என்றார். இந்நாட்டு நூலார் அவ்விரண்டனையும் இருபாலும் அல்லாதன என்று பிரித்தனர். பொதுவாதல் வேறு, அல்லாதாதல் வேறு. மூன்று இலிங்கம் பயின்ற வடமொழிப் புலமைக்கு மூன்றாவது இடமொன்று வெறிதே கிடத்தல் ஒவ்வாதாயிற்றுப் போலும். தாலமி இன்னும் ஒன்று கூறுவர்: ஞாயிற்றுக்கு முன் காலையில் தோன்றும் கோள் ஆண்மையும், மாலையில் தோன்றுவது பெண்மையும் எய்தும் என்பது. எனவே பால் என்பது கோளின் மாறா இயல்பு என்று அவர் தாமும் கொண்டிலர்.

இவ்வெண்வரிசை ஏட்டளவில் நின்றிருப்பின் கேடில்லை. பிருகச்சாதகத்து மகளிர் சாதகப் பகுதியுள், இலக்கினமும் திங்களும் இரட்டை இராசியில் நிற்கப் பிறந்தவள் பெண்ணியல்பினள் என்றும், ஒற்றையில் நிற்கப் பிறந்தவள் ஆணுருவும் ஆணொழுக்கமும் உடையள் என்றும் விதிக்கப்பட்டது. பார்வை முதலியவற்றான் வரும் வேறுபாடு ஒருபுறம் நிற்க, எண்ணிக்கையை மட்டும் நோக்கின், பிறக்கும் மகளிருள் ஏறக்குறைய நால்வருள் ஒருத்திக்கு இரண்டும் ஒற்றையில் அமையும். சாதகம் பார்த்து மணம் பேசுவோர் அவளை விலக்குதற்கு இவ்விதி ஒரு வாயிலாயிற்று. திங்கள் ஓர் இராசியைக் கடத்தற்கு இரண்டேகால் நாள் ஆம். இலக்கினம் கடத்தற்கு ஏறக்குறைய ஐந்து நாழிகையே. அவ்வைந்து நாழிகை பிந்திப் பிறந்திருப்பின் இலக்கினம் இரட்டை இராசிக்கு மாற, அவளே அவ்விதியினின்றும் நீங்கியிருப்பாள்.