அன்னாசி வந்த வழி

ஜொகூர்த் தமிழர் இல்லங்களில் தீபாவளிப் பலகாரத் தட்டில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை ஆகியவற்றோடு அன்னாசி டார்ட்டும் இடம்பெறுவதுண்டு. நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் அண்டை வீட்டார் அன்புடன் அளிப்பதும் இதுவே. இதனை இரவல் பலகாரம் என ஒதுக்குவோரும் உளர். அவர்கள் கடித்துண்ணும் மிளகாயும் இதே வழியில் வந்ததுதான்.

அன்னாசி தென்னமெரிக்க மண்ணுக்குரியது. 1493-இல் கொலம்பசு குவாதலூப்புத் தீவில் இதனைக் கண்டார். அந்நிலத்துத் துப்பி மொழிச் சொல்லைப் போர்த்துகீசியர் 'அனனாசு' என ஏற்றனர். அதுவே தமிழில் 'அன்னாசி' என்றும் மலாயில் 'நனாஸ்' என்றும் வழங்கலாயிற்று. சன்னலும் சாவியும் தமிழுக்கு வந்தது அவர்கள் வாயிலாகவே. 1511-இல் அவர்கள் மலாக்காவைக் கைப்பற்றினர். அங்கிருந்து வெளியேறிய சுல்தானின் வழியினரே ஜொகூர் அரசை நிறுவினர்.

ஜொகூரில் அன்னாசி பெருகியதற்குக் காரணம் பால்மரம். கன்று நட்டபின் பால்வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை வருவாய்க்கு வழியாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிசைகளுக்கிடையே அன்னாசி பயிரிடப்பட்டது. பிற பயிர்கள் பொறாத புளிப்பு மிக்க சதுப்பு மண்ணிலும் அது செழித்தது. பொந்தியான் மாவட்டத்தில் 'பெக்கான் நனாஸ்' என ஓர் ஊரே அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. 1930-களில், தகரக் குவளையில் அடைத்த அன்னாசியின் ஏற்றுமதியில் மலாயா ஹவாய்க்கு அடுத்த நிலையை எய்தியிருந்தது. சப்பானியர் ஆட்சியில் (1942–1945) அத்தொழில் சிதைந்தது. மீண்டும் ஒழுங்குபெற 1957-இல் தனி வாரியம் அமைக்கப்பட்டது.

தகரத்தில் அடைபட்ட பழம் கப்பலேறிற்று. வீட்டுக்கு வந்த பழமோ துருவப்பெற்று, சாறு பிழியப்பெற்று, சர்க்கரையோடு அடுப்பேறிற்று. பொன்னிறம் மாறிச் செம்பழுப்பாகும் வரை கை ஓயாது கிளற வேண்டும். மகளிர் முறைவைத்துக் கிளறும் வேலை அது. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியன மணத்துக்காகச் சேர்வன. அன்னாசிப்பூ அன்னாசியின் பூவன்று என்பதை மாணவர் அறிதல் வேண்டும். அது தென்சீனத்து மரமொன்றின் காய். வெண்ணெயும் முட்டை மஞ்சட்கருவும் கலந்து பிசைந்த மாவில் இப்பாகினைப் பொதிந்து சுடுவர். மின்னடுப்பு வருமுன் மேலும் கீழும் தணலிட்டுச் சுடும் வழக்கம் இருந்தது.

சிலர் மாவுருண்டையைக் கீறி அன்னாசிப்பழம் போலாக்கி, உச்சியில் ஒரு கிராம்பைக் காம்பாகச் செருகுவர். கிராம்பின் தாயகம் மொலுக்காசுத் தீவுகள். அதனைத் தேடி வந்தவர்களே மலாக்காவைக் கைப்பற்றியவர்கள்.