குகையை ஊருக்குக் கொண்டுவந்த தூரிகை

கண்காட்சி என்றவுடன், "கண்ணாடிப் பெட்டிக்குள்ளே பழைய சாமான், பக்கத்திலே ஒரு சீட்டு, அவ்வளவுதானே?" என்று நினைப்போர் உண்டு. சீன நாட்டுத் துன்ஹுவாங் குகை ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வந்த வரலாற்றை அறிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

சீனாவின் வடமேற்கில், கான்சு மாநிலத்தில், கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில் மோகாவ் குகைகள் இருக்கின்றன. கி.பி. 366இல் ஒரு பௌத்தத் துறவி முதற்குகையைக் குடைந்தார் என்பர். பின்னர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. ஓவியமும் சிற்பமும் கொண்ட குகைகள் 492. சுவரோவியங்களின் பரப்பு 45,000 சதுர மீட்டர்!

1900ஆம் ஆண்டில் வாங் யுவான்லு என்னும் தாவோ துறவி, அங்கே அடைபட்டுக் கிடந்த ஒரு சிற்றறையைக் கண்டுபிடித்தார். உள்ளே ஆயிரக்கணக்கான ஏடுகளும் பட்டு ஓவியங்களும் குவிந்திருந்தன. 1907இல் ஆரல் ஸ்டைனும், 1908இல் பால் பெலியோவும் சொற்பப் பணம் கொடுத்துப் பலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கி.பி. 868இல் அச்சான வச்சிர சூத்திரம் இப்படித்தான் லண்டன் சேர்ந்தது. 1924இல் வந்த அமெரிக்கர் லாங்டன் வார்னரோ, பசை தடவிய துணியை ஒட்டிச் சுவரோவியங்களையே உரித்தெடுத்தார். உலகம் அக்கலையைப் பார்த்தது, உண்மைதான். ஆனால் சுவரிலே தழும்பு விழுந்துவிட்டதே! எடுத்தால்தான் காட்ட முடியுமா?

முடியும், எடுக்காமலும் காட்ட முடியும் என்று மெய்ப்பித்தது தூரிகை. 1941இல் ஓவியர் ஜாங் டாச்சியான் துன்ஹுவாங் சென்று, திபெத்தியத் துறவி ஓவியர்களின் துணையோடு இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகளை வரைந்தார். 1944இல் செங்டூ, சோங்சிங் நகரங்களில் அவை காட்சிக்கு வந்தன. அப்போது நாட்டில் போர். ஆயினும் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

பாரிசில் ஓவியம் பயின்ற சாங் ஷூஹொங்கின் கதை இன்னும் உருக்கமானது. தம் நாட்டுக் குகைகளின் படங்களை அவர் முதலில் கண்டது அந்த அயலூரில்தான், பெலியோவின் நூலில்! 1943இல் துன்ஹுவாங் போய்ச் சேர்ந்தார். 1944இல் அமைந்த ஆய்வு நிலையத்துக்குத் தலைவரானார். குகைகளை மூடிய மணலை அகற்றுவதும் படியெடுப்பதும் அவர் குழுவினரின் அன்றாட வேலை. சுவரின் மேல் தாளை ஒட்டி வரையக்கூடாது என்பது அவர் கட்டளை. கண்ணால் பார்த்து, கையால் வரைய வேண்டும். அப்படி வரைந்த படிகளே 1951இல் பெய்ஜிங்கிலும், 1958இல் ஜப்பானிலும் கண்காட்சிகளாயின.

சரி, பார்த்தால் மட்டும் போதுமா? யாராவது சொன்னால்தானே விளங்கும்! 257ஆம் குகையில் ஒன்பது நிற மானின் கதை உண்டு. வெள்ளத்தில் மூழ்கியவனை மான் காப்பாற்றுகிறது. நன்றி கெட்ட அவனோ பரிசுக்காக மானை அரசனிடம் காட்டிக்கொடுக்கிறான். இக்கதை சுவரின் இரு முனைகளிலும் தொடங்கி, மான் அரசன்முன் நிற்கும் கட்டத்தில், நடுவிலே வந்து கூடுகிறது. தெரியாதவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்த்துக்கொண்டே போனால் கதை குழம்பிப்போகும்!

படம் காட்டிக் கதை சொல்வது அங்கே பழைய வழக்கம். அச்சிற்றறையில் கிடைத்து, இப்போது பாரிசில் உள்ள ஒரு சுருளின் ஒரு புறம் படம், மறுபுறம் பாட்டு. படத்தைக் கூட்டத்தாருக்குக் காட்டியபடியே கதை சொல்பவர் பாட்டைப் பாடியிருப்பார் என்று அறிஞர் கருதுகின்றனர். நம் கதாகாலட்சேபத்துக்கு இது தூரத்து உறவு போலும்!

பிற்காலத்தில் வேறொரு தொல்லை வந்தது. பார்க்க வருவோரின் மூச்சுக்காற்றின் ஈரமே ஓவியங்களைக் கெடுக்கலாயிற்று. எனவே ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். 2014இல் திறந்த வரவேற்பு நிலையத்தில், குகைக்குள் போகுமுன் திரைப்படம் காட்ட ஏற்பாடு செய்தார்கள். 2016இல் 30 குகைகளின் படங்கள் இணையத்தில் ஏறின. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கெட்டி நிலையத்தில், கையால் வரைந்த முழு அளவுக் குகைகள் மூன்றை நிறுத்தினார்கள். லண்டனிலிருந்து வந்த வச்சிர சூத்திரமும் அதே கண்காட்சியில் இருந்தது. அன்று எடுத்துப் போனதும், எடுக்காமல் வரைந்ததும் ஒரே வளாகத்தில்!

மாணவ மணிகளே, நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் அடுத்து வருகிறவனுக்கும் மிச்சம் வைத்துக் காட்டுவதே அழகு.