குடவாயிற் சிறையும் பிணையாட்களும்

நான் பிறந்த ஊர் தஞ்சை நாட்டுக் குடவாசல். சங்ககாலக் குடவாயில் இதுவே என்பர். சேரமான் கணைக்காலிரும்பொறை, சோழன் செங்கணானிடம் போரில் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான், காலந்தாழ்த்திக் கொடுத்தார்கள், கையில் வாங்கியும் பருகாமல் உயிர்விட்டான். புறநானூற்று 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு தரும் செய்தி இது. பொய்கையாரின் களவழி நாற்பதைக் கேட்டுச் சோழன் அவனை விடுவித்தான் என்று வேறொரு வழக்கும் உண்டு. இளமையில் அந்தச் சிறை இருந்த இடத்தைத் தேடி நாங்கள் அலைந்ததுண்டு. கண்டது வயலும் வாய்க்காலுமே.

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். சேரன் வாளேந்திப் போர்செய்தவன், ஆகவே போர்க்கைதி. பிணையாள் அப்படியன்று. வேறொருவரைப் பணியவைப்பதற்காக அவன் பிடித்துவைக்கப்படுகிறான். அவன் ஒரு குற்றமும் செய்திருக்க வேண்டுவதில்லை.

பழங்காலத்தில் இது வெளிப்படையான அரச வழக்கமாகவே இருந்தது. 1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர இசைந்தார். பணம் தீரும்வரை அவருடைய புதல்வர் இருவர், அப்துல் காலிக், முயிசுத்தீன் என்ற சிறுவர்கள், கார்ன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்டனர். யானைமேல் வந்த அவர்களைக் கார்ன்வாலிசு அன்போடு வரவேற்ற காட்சியை ஆங்கில ஓவியர்கள் விரும்பித் தீட்டினார்கள். சென்னையில் சிறுவர்களுக்கு உபசாரம் குறைவின்றி நடந்தது. ஆயினும் தந்தையின் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உபசாரம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்? 1794இல்தான் அவர்கள் வீடு திரும்பினர்.

இருபதாம் நூற்றாண்டிலோ உபசாரமும் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் பால்கன் நாடுகளைப் பிடித்த செருமானியர், தம் வீரன் ஒருவன் கொல்லப்பட்டால் 50 முதல் 100 பேரைக் கொல்லுமாறு ஆணையிட்டனர். படைத்தலைவர் லிஸ்ட் முதலியோரை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1948இல் பலருக்குத் தண்டனை விதித்தது. ஆனால், கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிணையாட்களைக் கொல்வதை அக்காலச் சட்டம் முற்றிலும் விலக்கவில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறியது! இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன்.

அந்த ஓட்டையை அடைத்தது 1949 ஆகஸ்டு 12ஆம் நாள் கையெழுத்தான ஜினீவா நான்காம் ஒப்பந்தம். அதன் 34ஆம் விதி பிணைபிடித்தலை அடியோடு தடுக்கிறது. எதிரிநாட்டார் முதலிய பாதுகாக்கப்பட்ட குடிமக்களைப் பிணைபிடிப்பது கொடிய மீறல் என்கிறது 147ஆம் விதி. உள்நாட்டுப் போருக்கும் இத்தடை உண்டு என்பது 3ஆம் விதி. அரசுப்படையையும் கிளர்ச்சிப்படையையும் அது ஒருங்கே கட்டுப்படுத்தும். போரில்லாக் காலத்துப் பிணைபிடிப்பையும் குற்றமாக்கிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1979இல் வந்தது. இந்தியா அதில் 1994இல் சேர்ந்தது.

தமிழர் வாழும் இடத்திலும் இக்குற்றம் நடந்திருக்கிறது. அதை மறைப்பது வரலாறாகாது. 1984 மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் போராளிக் குழு ஒன்று இளம் அமெரிக்கத் தம்பதியரைக் கடத்தியது. பொன்னும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் விலையாகக் கேட்கப்பட்டன. இலங்கை அரசு இணங்கவில்லை. சில நாட்களில் இருவரும் உயிரோடு விடுவிக்கப்பட்டனர். இலங்கைச் சண்டையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் அங்கே வந்திருந்தது தண்ணீர்த் திட்டம் ஒன்றின் வேலைக்காக.